மஞ்சள் ஹெல்மெட் விளக்கு

எங்கள் அறையில் லைட் போடக் கூடாது. அங்கே இருந்த ஒரே சட்டம் அதுதான். மற்றபடி துணியை எங்கே வேண்டுமானாலும் காயப்போடலாம், யார் சோப்பை வேண்டுமானாலும் தேய்க்கலாம், கெட்ட வார்த்தைக்குத் தடையில்லை. சுவிட்சில் மட்டும் கை வைக்கக் கூடாது.

காரணம் ஷிஃப்ட். சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், கான்ட்ராக்டர் எடுத்துக் கொடுத்த அறை அது. ஒரு கூட்டம் வேலைக்குக் கிளம்பும்போது இன்னொரு கூட்டம் வந்து அதே பாயில், அந்தச் சூடு ஆறுவதற்குள் விழும். எந்த நேரத்தில் கதவைத் திறந்தாலும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஜன்னலை ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியால் மூடி, ஓரமெல்லாம் பிரவுன் டேப் ஒட்டி, பகலை வெளியே தள்ளி வைத்திருந்தோம். இருட்டில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு போவோம். ஒருமுறை நான் இன்னொருவன் சட்டையோடு வேலைக்குப் போய், கேட்டில் பாக்கெட்டிலிருந்து அவன் ஐடி கார்டை எடுத்து நீட்டிவிட்டேன். "நீ யாருய்யா?" என்று செக்யூரிட்டி கேட்டபோது எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த அறையில்தான், சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள பொம்மைக்குக் கண் வரைய நல்ல வெளிச்சம் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது பொய். நானே போய்த் தலையை நீட்டினேன்.

எனக்கு ஒரு கார் கம்பெனியில், பெயின்ட் ஷாப்பில், கான்ட்ராக்ட் வேலை. பெயின்ட் அடித்த கார் ஒரு குகைக்குள் மெதுவாக வரும். குகையின் இரண்டு பக்கமும் கூரையிலும் வரிசையாக டியூப் லைட். அந்த வெளிச்சத்தில் தூசி தெரிகிறதா, புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பதற்கு வேறு ஆட்கள் உண்டு. அவர்கள் பார்ப்பதற்கு முன் துணியால் துடைத்துவிட்டு ஒதுங்குகிறவன் நான். ஆனால் அறையில் "நான் லைட் டிபார்ட்மென்ட்" என்று சொல்லி வைத்திருந்தேன். படிப்பு எட்டாவது. அது சர்டிஃபிகேட் சொல்லும் கணக்கு. எனக்குத் தெரிந்து அஞ்சாவதோடு படிப்பு நின்றுவிட்டது, மிச்சமெல்லாம் சத்துணவு.

பொம்மைக்குக் கண் வரைந்தவன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். அறையில் எல்லோருக்கும் அவன் தெக்கத்தியான்தான். ஒரகடம் பக்கம் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மெஷினில் நின்றான். போனில் எதையோ பார்த்து ஒரு பைத்தியம் பிடித்திருந்தது அவனுக்கு. மேஜை மேல் ஆடும் போர் விளையாட்டு. ஆளுக்கொரு குட்டிப் படை. டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். வெளிநாட்டில் தாடி நரைத்த பெரிய மனிதர்கள்கூட ஆடுவார்களாம். எங்களுக்கு மேஜை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் இரண்டு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டால் அதுதான் போர்க்களம். மலைக்கு டிபன் பாக்ஸ், கோட்டைக்கு பிஸ்கட் டப்பா. வீரர்களை ஸ்ரீபெரும்புதூரில் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்த்த ஒருத்தன், பல் வார்க்கும் 3டி மெஷின் சும்மா இருக்கும்போது பிளாஸ்டிக்கில் பிரின்ட் போட்டுக் கொடுத்தான். எங்கள் தளபதி யாரோ ஒரு தாத்தாவின் கடைவாய்ப்பல்லுக்குப் பக்கத்தில் பிறந்தவன்.

ஒரு வீரன் பார்வைக்கு எதிரி தெரிகிறானா இல்லையா என்று சண்டை வந்தால், சுடுகிறவன் முகத்தருகே போன் டார்ச்சைப் பிடிப்போம். வெளிச்சம் பட்டவன் காலி. நிழலில் நின்றவன் பிழைத்தான். என் ஆட்கள் எல்லோரும் வெளிச்சத்திலேயே நிற்பார்கள்.

"ஏல, ஒளிச்சு வையில படையை! எல்லாவனையும் போட்டோவுக்கு நிறுத்துன மாதிரி நிறுத்துத!"

"எங்காளுங்க வீரனுங்கடா. மூஞ்ச காட்டிகினுதான் சாவானுங்க."

"சாவுததுக்கு மூஞ்சி எதுக்குல?"

ஆனால் மூஞ்சி வரைவதற்குத்தான் அவன் உயிரை விடுவான். கடுகளவு முகம். அதில் கண், கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. மூச்சை நிறுத்தி, பிரஷ்ஷை ஒரே தடவை தொட்டு எடுப்பான். திரும்பிப் பார்த்தால் அந்தப் பொம்மை நம்மை முறைக்கும். பிரஸ்ஸில் நாள் முழுக்கத் தகட்டைத் திணித்த கையா இது என்று இருக்கும்.

அந்தக் கைதான் போயிற்று. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். பிரஸ் மெஷினுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு லைட் இருக்கும். அதன் குறுக்கே கை போனால் மெஷின் நின்றுவிட வேண்டும். அவன் மெஷினில் அது தொட்டதற்கெல்லாம் நின்று நின்று உற்பத்தி குறைகிறது என்று அணைத்து வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "உன் டிபார்ட்மென்ட்தாம்ல கவுத்துட்டு" என்றான். என் பிழைப்பே அடுத்தவனைச் சிரிக்க வைப்பது. அன்றைக்கு அவன் ஜோக்குக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நஷ்ட ஈடு கொடுத்தார்கள். அதைப் பற்றிப் பேசினால் அவனுக்குக் கோபம் வரும். கம்பெனி கணக்கை முடித்துவிட்டதால் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வந்து, மாசக் கடைசி வரைக்கும் படுத்துக்கொள், அதற்குப் பிறகு அந்தப் பாய்க்கு வேறு ஆள் வருகிறான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்குப் போகலாமே என்று நான் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, வீட்டில் அவன் உண்மையைச் சொல்லவே இல்லை. லேசாகக் கீறிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தான். அம்மா வீடியோ காலில் வந்தால் போனை இடது கையில் பிடித்து நெற்றியை மட்டும் காட்டுவான்.

"கை போச்சுன்னு சொல்லணும்லா. கூடவே, ஆனா வேல இருக்குன்னும் சொல்லணும். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிப்புடணும். மொதல்ல உள்ளத மட்டும் சொன்னா எங்கம்ம தாங்காதுல."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் வெளிச்சம் தேவைப்பட்டது. சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில், வெளிநாட்டிலிருந்து வரும் போர்ப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசித் திருப்பி அனுப்பும் பட்டறை ஒன்று இருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குச் சண்டை போட ஆசை, பெயின்ட் அடிக்க நேரமில்லை. பட்டறையை நடத்தும் மேடத்துக்கு இவன் போன் பண்ணினான். மூன்று வெள்ளைப் பொம்மைகளையும், பூசி முடித்த மாதிரி ஒன்றையும் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினார். மாதிரியைப் போலவே மூன்றையும் பூசிக் கொண்டுவந்தால் வேலை. தங்குவதற்கும் அங்கேயே ஏற்பாடு.

போனில் கையைப் பற்றி அவன் சொல்லவில்லை. இடது கையால் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தான். வலது கையில் மிச்சமிருந்த கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் மாத்திரை டப்பாவைப் பிடித்துக்கொள்வான். அதன் மூடியில் பொம்மை ஒட்டியிருக்கும். இடது கையில் பிரஷ்.

"லைட்டு நான் பாத்துக்குறேன்" என்றேன். லைட் டிபார்ட்மென்ட் அல்லவா.

முதலில் போன் டார்ச். டம்ளரில் சாய்த்து வைத்தோம். முகத்தில் ஒரு பக்கம் சுண்ணாம்பு, மறுபக்கம் கரி. கரிப் பக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இவன் உதட்டைக் காதில் வரைந்தான்.

அடுத்தது நெற்றி லைட். வயலில் எலி பிடிக்கிறவர்கள் தலையில் மாட்டிக்கொள்வார்களே, அது. வேலை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. ஆனால் யாராவது கூப்பிட்டால் இவன் திரும்பிப் பார்ப்பான். திரும்பினால் வெளிச்சமும் திரும்பும். எங்கள் அறையில் வெல்டர் அண்ணன் ஒருத்தர் இருந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக வெல்டிங் பார்த்த கண். வெளிச்சம் பட்டால் மிளகாய்ப் பொடி தூவின மாதிரி எரியும். சுவிட்ச் சட்டம் போட்டதே அவர்தான். நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் படுத்தவர் மேல் அந்த லைட் நேராக அடித்தது.

"டேய் கஸ்மாலம்! எவன்டா மூஞ்சில லைட் அடிக்கிறவன்? நான் இன்னா கெணத்துல வுழுந்த ஆடா?"

"அண்ணே, நீங்கதான கூப்டீங்க?"

"தண்ணி பாட்டில் கேட்டேன்டா! சர்ச் லைட்டா கேட்டேன்?"

மூன்றாவதுதான் என் மூளையின் உச்சம். காயலாங்கடையில் ஏதோ மூடிப்போன கம்பெனியின் டியூப் லைட் செட் கிடந்தது. எங்கள் குகையில் எரியுமே, அதே ஜாதி. தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார். யாரும் இல்லாத அரை மணி நேரம் பார்த்து, இரண்டு பக்கமும் ஒன்று, மேலே ஒன்று என்று கட்டிப் போட்டேன். அறையே ஆபரேஷன் தியேட்டர் ஆகிவிட்டது. கூரையில் இருந்த ஒட்டடை, சுவரில் யாரோ எழுதிய போன் நம்பர், என் பாயின் நிஜமான நிறம், எல்லாம் தெரிந்தது. பாயைப் பார்த்திருக்க வேண்டாம்.

தெக்கத்தியான் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னல இது? மூக்கக் காணும்."

"இன்னாடா சொல்ற? எம்மாம் வெளிச்சம் கீது!"

"வெளிச்சம் இருக்கு. மூக்கு இல்ல. மேடும் பள்ளமும் ஒண்ணாக் கெடக்கு. தோசைக்கல்லு மாதிரி."

அவன் சொன்னது சரி. கார் மேல் தூசி தேடுவதற்கு நிழல் எங்கேயும் விழக் கூடாது என்றுதான் குகையைக் கட்டியிருக்கிறார்கள். நிழல் இல்லாவிட்டால் மூக்கு ஏது, கண்குழி ஏது? இத்தனை வருஷம் அந்த லைட்டுக்குக் கீழே நின்ற எனக்கு அது தெரியவில்லை. நான் காரின் முதுகைத்தானே பார்த்தேன். அதற்குள் வெல்டர் அண்ணன் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தார். திறந்த வேகத்திலேயே கண்ணைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டக்கூட இல்லை. நானே எல்லாவற்றையும் கழற்றினேன்.

அன்றைக்கு அறைப் பஞ்சாயத்து கூடியது. பஞ்சாயத்து என்றால், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் போர்வைக்குள் இருந்தே கத்தியது. முடிவு இதுதான்: ஒரு சின்ன பல்ப், அது பொம்மை மேல் மட்டும் விழ வேண்டும், அடுத்தவன் பாயில் ஒரு துளியும் சிந்தக் கூடாது.

பல்புக்கு ஒரு குடை வேண்டும். என்ன செய்யலாம் என்று பார்த்தபோது மூலையில் ஒரு பழைய ஹெல்மெட் கிடந்தது. விரிசல் விட்டு, ஸ்டோரில் தூக்கிப் போட்டது. எங்கள் பக்கம் தலையைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார்கள். வெள்ளை ஹெல்மெட் என்றால் எஞ்சினியர், வணக்கம் வைக்க வேண்டும். மஞ்சள் என்றால் நாங்கள், எங்களுக்கு யாரும் வைக்க வேண்டாம். எங்கள் அறையில் கிடந்தது மஞ்சள்தான். வெள்ளை எங்களுக்கு எங்கிருந்து வரும்?

உச்சியில் ஓட்டை போட்டு, ஹோல்டரை நுழைத்து, உள்ளே நல்ல எல்இடி பல்ப் மாட்டி, சுவர் ஆணியில் கட்டித் தொங்கவிட்டேன். வட்டமாகக் கீழே ஒரு வெளிச்சம். ஒரு அடி தள்ளிப் படுத்தவனுக்கு ஒன்றும் தெரியாது. வெல்டர் அண்ணனே எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார்.

"பரவால்லடா. தலைல மூளை இல்லாட்டியும் ஹெல்மெட்ல வச்சிருக்க."

தெக்கத்தியான் அதற்குக் கீழே குனிந்து நாள் கணக்கில் உட்கார்ந்தான். இடது கை நடுங்கும். முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்வான். வலது கையின் அடிக்கட்டை வலித்தால் டப்பாவை வாயில் கவ்விக்கொள்வான். மூன்றாவது பொம்மை முடிந்ததும் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். மாதிரியையும் பக்கத்தில் வைத்தான். ஹெல்மெட்டுக்குக் கீழே நான்கும் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி இருந்தன. கண் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. வெளிச்சம் சின்னது, அதனால் என்று நினைத்தோம்.

வண்டியை இரவல் வாங்கி நான்தான் சேரப்பணஞ்சேரிக்குக் கூட்டிப் போனேன். அவன் வலது கையை பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டான்.

மேடத்துக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. டப்பாவை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மாதிரிப் பொம்மை ரத்தமும் சதையுமாக நின்றது. எங்கள் மூன்று பேரும் நீலம் பாரித்து நின்றார்கள்.

"இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார் மேடம். "ஏரியில விழுந்து மறுநாள் மிதக்கிறவங்க மாதிரி இருக்காங்க."

பெல்ட்டில் மஞ்சள் கோடு போட வேண்டிய இடம் பாதிதான் மூடியிருந்தது. மீதியில் வெள்ளை இளித்தது.

"எந்த லைட்ல பண்ணீங்க?"

நான் முந்திக்கொண்டு விளக்கினேன். ஹெல்மெட், ஓட்டை, ஹோல்டர், பஞ்சாயத்து எல்லாம். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மஞ்சளுக்குள்ள பல்ப் போட்டா எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும். தோலுக்கு இவர் மஞ்சள் கலக்கவே இல்ல, லைட்டே கலந்துடுச்சு. ஏங்க, வெள்ளை ஹெல்மெட் கிடைக்கலையா?"

"அது எஞ்சினியருக்கு மேடம்."

அவர் சிரிப்பு அதோடு நின்றது. எழுந்து தன்னுடைய மேஜைகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளை விளக்கு, முன்னால், கொஞ்சம் உயரத்தில். "ஒண்ணு பலமா, இன்னொண்ணு லேசா. அப்பதான் நிழலும் இருக்கும், நிழலுக்குள்ள என்ன இருக்குன்னும் தெரியும். பல்ப் வாங்கும்போது எவ்வளவு பிரகாசம்னு பார்க்காதீங்க. கலரைக் கலராக் காட்டுதான்னு பாருங்க. பகல்ல ஒரு தடவை ஜன்னல்ல வச்சுப் பார்த்தா அதுவே சொல்லிடும். பிரஷ் பிடிக்கிற கைக்கு எதிர்ப்பக்கம் பெரிய விளக்கு வரணும், இல்லன்னா கை நிழல் முகத்துல விழும். நீங்க எந்தக் கை?"

"இடது" என்றான்.

"எழுதுறதும் இடதா?"

அவர் பார்வை மெதுவாக அவன் பாக்கெட்டுக்குப் போனது. அவனே கையை வெளியே எடுத்தான். அந்த அறையில் பிரஷ் பிடித்திருந்த நான்கைந்து பேரும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

மேடம் இன்னும் மூன்று வெள்ளைப் பொம்மைகளை எடுத்து வந்து கொடுத்தார். "நல்ல வெளிச்சத்துல பண்ணிட்டு வாங்க தம்பி. அப்புறம் பேசுவோம்."

திரும்பி வரும் வழியில் எனக்கு என் மேலேயே எரிச்சல். எங்கள் பிளான்ட்டில் பம்பர் வேறு கம்பெனியிலிருந்து பெயின்ட் அடித்து வரும். குகைக்குள் காரும் பம்பரும் ஒரே நிறம். வெளியே வெயிலில் நிறுத்தினால் சில வண்டிகளில் பம்பர் மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி நிற்கும். அதைப் பார்த்து நானே எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்.

"சவத்த விடுல" என்றான் பின்னாலிருந்து. "கலருதான தப்பு. கை தப்புன்னு சொல்லலியே."

நடந்ததை அறையில் சொன்னேன். வழக்கம்போல் நடித்துக் காட்டினேன். நீலப் பொம்மை மாதிரி நாக்கைத் தள்ளி நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வெல்டர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பாயை விரித்துக்கொண்டிருந்தவர் எழுந்தார். ஜன்னலுக்குப் போய் பிரவுன் டேப்பை ஒரு முனையில் பிடித்து இழுத்தார். அட்டை மொத்தமும் கையோடு வந்தது.

"அண்ணே, உங்க கண்ணு..."

"எங்கண்ண நான் பாத்துக்குறேன். அந்தப் பக்கம் வெயில் வராது, காலி மனைதான். குந்திகினு பண்றா. லைட்டு வந்துச்சுன்னு எவனாவது வாயத் தொறந்தான், அவன் வாயி வெந்துரும்."

துண்டை நனைத்துக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். துண்டு காய்ந்தால் நான் நனைத்துக் கொடுப்பேன். நான் வேலைக்குப் போய்விட்டால் யாராவது ஒருத்தன் எழுந்து நனைப்பான். எங்கள் அறையில் பகல் வந்தது அப்போதுதான். இதமான வெளிச்சம். வெயில் படாமல், ஆனால் எதையும் மறைக்காமல்.

அந்த வெளிச்சத்தில் தோல் தோலாகவும் தோல் பை தோல் பையாகவும் வந்தது. மஞ்சள் கோடு மஞ்சளாக நின்றது. சிவப்புத் துணிக்குள் மடிப்பு விழுந்தது. கடைசியில் முகத்துக்கு வந்தான். மூச்சை நிறுத்தினான். பிரஷ் முனை கண்ணைத் தொடப் போகும் நேரத்தில் கையில் ஒரு சின்ன உதறல். துடைத்தான். திரும்ப வைத்தான். திரும்ப உதறல். ஹெல்மெட்டுக்குக் கீழே மங்கலாகத் தெரிந்ததெல்லாம் இப்போது நேராகத் தெரிந்தது.

மூன்றையும் முடித்து என்னிடம் காட்டினான். ஒரு பொம்மைக்குக் கண்மணி மூக்கைப் பார்த்தது. இன்னொருவன் ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் கதவையும் பார்த்தான்.

"இவன் சைட் அடிக்கிறான்டா" என்றேன்.

சிரித்தான். நானும் சிரித்தேன். வெல்டர் அண்ணன் துண்டுக்கு அடியிலிருந்து, "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுதுண்ணே" என்றான் இவன்.

மறுபடி சேரப்பணஞ்சேரி. இந்த முறை அவன் கையைப் பாக்கெட்டில் வைக்கவில்லை. மேடம் பொம்மைகளை ஜன்னலில் வைத்தார். கலர் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஆ, இப்ப உயிர் வந்துடுச்சு" என்றார். அப்புறம் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக முகத்தருகே தூக்கினார். முதலாவதை வைத்தார். இரண்டாவதை வைத்தார். மூன்றாவதை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"கலர்ல ஒரு குறையும் இல்ல தம்பி" என்றார். "ஆனா வாங்குறவங்க மொதல்ல பார்க்கிறது கண்ணைத்தான். வாரத்துக்கு ஒரு பெட்டி போகணும். கை இன்னும் நிக்கல உங்களுக்கு."

"நின்னுரும் மேடம். பழகுதேன்."

"நிக்கும். எனக்கும் தெரியுது, முன்னாடி நல்லாப் பண்ணவருன்னு. ஆறு மாசம் பழகிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அவர் பொய் சொல்லவில்லை. இரக்கம் இல்லாதவரும் இல்லை. ஆறு மாசத்துக்குப் படுக்க ஒரு பாய் எங்கே கிடைக்கும் என்று அவரிடம் கேட்க முடியாது. அது அவர் வேலை இல்லை. பொம்மைகளை அவனிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று மேஜையிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தான்.

ஒரகடம் ரோட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. டீ கிளாஸை இடது கையில் வாங்கினான். கிளாஸில் டீ லேசாக ஆடியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏல, நீ சொல்லு. கண்ணு கோணலா?"

எனக்கு வாய் வரை ஒரு ஜோக் வந்தது. என்ன ஜோக் என்று இப்போது ஞாபகம் இல்லை. நல்ல ஜோக்காகத்தான் இருந்திருக்கும்.

"கோணல்தான்டா" என்றேன்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். வீடியோ இல்லாமல் வெறும் கால் போட்டான். இடது காதில் வைத்துக்கொண்டு லாரிச் சத்தத்துக்கு மேல் பேசினான்.

"எம்மா... நாந்தான். சாப்டியா? ... ஆமா. ஊருக்கு வாரேன்மா. ... இல்ல, ஒண்ணும் இல்ல, லீவுதான்."

அந்தப் பக்கம் அம்மா சந்தோஷத்தில் ஏதோ வேகமாகப் பேசியது எனக்கே கேட்டது. என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டிருப்பாள். அவன் 'ம்', 'ம்' என்றான். பிறகு எத்தனை நாள் லீவு என்று கேட்டிருக்க வேண்டும். அவன் வலது கையைப் பார்த்தான், அதை டீக்கடை பெஞ்சுக்கு அடியில் மெதுவாக இறக்கினான்.

"வந்து சொல்லுதேன்மா" என்றான்.